பீலிக்கரை வரை போகும் பேச்சு

(மாதர் சங்க, இளைஞர் கழகப் பிரதிநிதிகளுக்கான ஒருநாள் பயிற்சி வகுப்பில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஒருவர் ஆற்றிய உரை. பேசியவாறே தரப்படுகிறது.)



எங்களுக்குத் தந்திருக்கும் தலைப்பு "மக்களை ஊக்கப்படுத்தும் பேச்சு எப்படி இருக்க வேண்டும்?" என்பது. தலைப்பைப் பார்த்ததும் கொஞ்சம் சிரிப்பு வந்தது. இருபது வருசத்துக்கு மேலாகத் தோட்டத்தில் பேசிக்கொண்டு வருகிறோம். பெரட்டுக்களத்தில், கொழுந்து மடுவத்தில், கோயில் வாசலில், பிள்ளைக் காம்பரா முன்னால் என்று பேசாத இடமில்லை. எத்தனை பேச்சுப் பேசினோம் என்று கணக்கு வைக்கவில்லை. ஆனால் எத்தனை பேச்சால் ஒரு காரியம் நடந்தது என்று கேட்டால் ஒரு கை விரல் போதும். ஆகையால் உங்களுக்கு முன்னால் நிற்பது பெரிய பேச்சாளர் அல்ல, பேசிப் பேசித் தோற்ற ஆள்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

உங்களுக்கு இது ஏன் தேவை? நாளைக்கு நீங்கள் உங்கள் டிவிசனுக்குப் போய்ப் பேசப் போகிறவர்கள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தாதீர்கள் என்று சொல்ல வேண்டி வரும். கிளினிக்குக்கு வாருங்கள், சீட்டுக் காசை வங்கியில் போடுங்கள், குடியைக் குறையுங்கள் என்று சொல்ல வேண்டி வரும். கேட்கிறவர்களுக்கு இவையெல்லாம் தெரியாத விசயங்கள் அல்ல. தெரிந்தும் செய்யாமல் இருக்கிறார்கள். தெரிந்ததைச் செய்ய வைப்பதுதான் ஊக்கப் பேச்சின் வேலை. தெரியாததைச் சொல்லிக் கொடுப்பதைவிட இது கஷ்டம்.

ஒரு பேச்சு நன்றாக இருந்ததா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கைதட்டை வைத்துச் சொல்ல முடியாது. எங்கள் ஆட்கள் மரியாதை தெரிந்தவர்கள். யார் பேசினாலும் கைதட்டி அனுப்புவார்கள். நாங்கள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வயசான கங்காணி இருந்தார். எங்கள் கூட்டம் முடிந்ததும் பக்கத்தில் வந்து சொன்னார். "ஐயா, நீங்க கூட்டத்துல என்னா பேசுனீங்கங்கிறது கணக்கில்ல. நாளைக்கு விடிய பீலியடியில பொம்பளைங்க என்னா பேசிக்கிறாங்கன்னு காது குடுங்க. அங்க உங்க பேச்சு வந்திருந்தா அது பேச்சு. வராட்டி, நீங்க பேசவே இல்லன்னு வச்சிக்கங்க."

அன்றைக்கு அது எங்களுக்குக் கொஞ்சம் கோபமாகத்தான் இருந்தது. பிறகுதான் விளங்கியது. தண்ணி பிடிக்கிற இடத்தில், கொழுந்து மலையில், இஸ்தோப்பில் உட்கார்ந்து வெற்றிலை போடுகிற நேரத்தில்தான் எங்கள் ஜனங்கள் முடிவு எடுக்கிறார்கள். கூட்டத்தில் யாரும் முடிவெடுப்பதில்லை. நாம் சொன்னது அவர்கள் வாயால், அவர்கள் பாஷையில், நாம் இல்லாத இடத்தில் திரும்பச் சொல்லப்பட வேண்டும். அப்படித் திரும்பச் சொல்லக் கூடிய பேச்சு எது என்பதைத்தான் இன்றைக்குப் பார்க்கப் போகிறோம்.

இது புது விசயமில்லை. இந்த மலைநாட்டிலேயே இதை நன்றாகத் தெரிந்தவர்கள் இருந்திருக்கிறார்கள். கோ. நடேசய்யரைப் பற்றி உங்களில் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து, 1931ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளருக்கென்று சங்கம் தொடங்கியவர். அந்தக் காலத்தில் வெளியாள் யாரும் தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாது. லயத்துக்குப் போனால் அத்துமீறல் என்று வழக்கு. அவர் என்ன செய்தார்? புடவை வியாபாரி வேசத்தில் லயங்களுக்குள் போனார். போய்ப் பேசவில்லை. முதலில் பார்த்தார், கேட்டார். துண்டுக் கணக்கு, கங்காணியிடம் பட்ட கடன், வீட்டுச் சாப்பாடு எல்லாவற்றையும் தெரிந்துகொண்டார். அதற்குப் பிறகுதான் எழுதினார், பேசினார்.

அவருடைய மனைவி மீனாட்சி அம்மையார் இன்னொரு படி மேலே போனார். எழுத வாசிக்கத் தெரிந்தவர் குறைவாக இருந்த காலம் அது. கூட்டங்களில் அவர் பாடினார். ஜனங்களுக்கு ஏற்கனவே தெரிந்த மெட்டுகளில் தொழிலாளர் கஷ்டத்தையும் உரிமையையும் பாட்டாக்கிப் பாடினார். சின்னப் புத்தகமாகவும் அச்சிட்டார்கள். ஒரு பேச்சைக் கேட்டவன் மறந்து போகலாம். தெரிந்த மெட்டில் ஒரு பாட்டைக் கேட்டவள் கொழுந்து எடுக்கும்போது அதை முணுமுணுப்பாள், பக்கத்து நிரையில் நிற்கிறவளுக்கும் அது போய்ச் சேரும். கங்காணி சொன்ன பீலிக்கரை இதுதான்.

இனி எங்கள் சொந்தக் கதைக்கு வருகிறோம். இதைக் கூட்டத்தில் சொல்ல எங்களுக்குப் பல வருசம் பிடித்தது.

2012ஆம் ஆண்டு. 35 வயசான பெண்களுக்குக் கர்ப்பப்பை வாசலில் வரும் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் பரிசோதனை இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். அரசாங்கம் இலவசமாகச் செய்வது. அதற்காகத் தோட்டத்து மருந்துச் சாலையிலேயே ஒரு கிளினிக் வைக்க சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் ஒத்துக்கொண்டார்கள். ஆட்களைச் சேர்ப்பது எங்கள் பொறுப்பு. மருந்துக்காரரும் நாங்களுமாக அந்தி நிறுவைக்குக் கொழுந்து மடுவத்துக்குப் போனோம்.

நல்ல மழை. தகரக் கூரை. இடுப்பில் கட்டிய படங்கு சொட்டச் சொட்ட, அட்டை கடித்த கால்களோடு அறுபது எழுபது பெண்கள் நிற்கிறார்கள். வீட்டில் அடுப்புப் பற்ற வைக்க வேண்டும். பிள்ளைக் காம்பராவில் இருக்கும் குழந்தையை எடுக்க வேண்டும். நாங்கள் நாற்பது நிமிசம் பேசினோம். பெரிய படம் ஒன்றைத் தூக்கிக் காட்டினோம். நோய் எப்படிப் பரவும், எப்படி உயிரை எடுக்கும் என்றெல்லாம் பயமுறுத்தினோம். நல்லாப் பேசுகிறோம் என்றுதான் எங்களுக்கு நினைப்பு.

முன் வரிசையில் நின்ற ஒரு அக்கா கையைத் தூக்கினார். 37 வயசு. "ஐயா, அன்னைக்கு அரைப்பேர் ஆயிருமா?" என்று கேட்டார்.

நாங்கள் என்ன சொன்னோம் தெரியுமா? "ஒனக்கு உசிரு பெருசா, பேர் பெருசா?" என்று கேட்டோம். கூட்டம் சிரித்தது. பேச்சாளருக்கு அந்தச் சிரிப்பு எவ்வளவு இனிக்கும் என்று மேடை ஏறினவர்களுக்குத் தெரியும். அந்த அக்காவும் சிரித்த மாதிரிதான் இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு கூடையை எடுத்தார்.

கிளினிக் நாளில் நாலு பேர் வந்தார்கள். அந்த அக்கா வரவில்லை. "படிப்பறிவு இல்லாத ஜனங்க, எவ்வளவு சொன்னாலும் ஏறாது" என்று மருந்துச் சாலையில் உட்கார்ந்து நாங்களே பேசிக்கொண்டோம். பிளேன்டி குடித்துக்கொண்டு சொன்னோம், இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

2015இல் அந்த அக்காவைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது நோய் முற்றியிருந்தது. அதே நோய். இரண்டு பெண்பிள்ளைகள். சாவு வீட்டுக்குப் போனோம். யாரும் எங்களை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாலை போட்டுவிட்டு வரும் வழியில், அன்றைக்கு அவர் கேட்ட கேள்விதான் மனசில் ஓடியது. அது தட்டிக் கழிக்கிற கேள்வியே இல்லை. வருவதற்குத் தயாராக இருந்த மனுசிதான் அந்தக் கேள்வியைக் கேட்பாள். வராத முடிவோடு நிற்கிறவள் பேரைப் பற்றி ஏன் கேட்கப் போகிறாள்? ஒரு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் நின்றார். கைதட்டு வாங்குவதற்காக நாங்கள் அதை அடித்துச் சாத்தினோம்.

அடுத்த வருசம் திரும்பக் கிளினிக் வைக்க வேண்டி வந்தபோது, பேசுவதற்கு முன்னால் நாங்கள் வாயை மூடிக்கொண்டோம். மாதர் சங்கத் தலைவி ஒருவரிடமும் குடும்ப நல மிஸ்ஸிடமும் சொல்லி, ஏன் வரமாட்டேன் என்கிறார்கள் என்று லயம் லயமாக விசாரிக்கச் சொன்னோம். நாங்கள் கேட்டால் சொல்ல மாட்டார்கள், ஆம்பிளைகள் அல்லவா. வந்த பதில்கள் எங்களுக்கு வெட்கமாக இருந்தன. ஒன்று, அரைப்பேர். ஒரு நாள் பேர் குறைந்தால் அந்த மாசக் கணக்கே ஆடும். இரண்டாவது, பார்க்கிறது ஆம்பிளை டாக்டரா என்ற பயம். மூன்றாவதை நாங்கள் கனவிலும் நினைக்கவில்லை. மலையிலிருந்து வியர்வையும் சேறுமாக அப்படியே எப்படிப் போய்ப் படுப்பது, முதலில் குளிக்க வேண்டாமா, மருந்துச் சாலையில் தண்ணி இல்லையே என்றார்கள். சிலருக்குப் புருசன் என்ன சொல்வாரோ என்று. புற்றுநோய் என்றால் என்ன என்று தெரியாதவர் ஒருவர்கூட இல்லை. எங்கள் நாற்பது நிமிசமும் அவர்கள் கேட்காத கேள்விக்குச் சொன்ன பதில்.

பெரிய துரையிடம் போனோம். நாங்கள் போன நேரம் அவரும் நல்ல மனநிலையில் இருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். கிளினிக்குக்குப் போய் வருகிறவர்களுக்குப் பேர் வெட்டுவதில்லை என்று கணக்கப்பிள்ளைமாருக்குச் சொன்னார். பீலியிலிருந்து குழாய் இழுத்து மருந்துச் சாலைக்குப் பின்னால் தகரம் அடைத்து ஒரு குளிக்கும் இடம் செய்தோம். செலவு பெரிசில்லை.

பிறகு பேச்சு. எங்கள் ஆள் பேசவில்லை. 2012இல் வந்த நாலு பேரில் ஒரு அக்காவைக் கேட்டோம். அவர் மாட்டேன் என்றார், மைக் பிடிக்கத் தெரியாது என்றார். மைக் வேண்டாம், நடந்ததை மட்டும் சொல்லுங்கள் என்றோம். சம்பள நாளும் இல்லாமல், மழையும் இல்லாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் மாரியம்மன் கோயில் மண்டபத்தில் எல்லோரும் பாய் போட்டு உட்கார்ந்திருக்க, அந்த அக்கா எழும்பினார். ஏழு நிமிசம்கூட இருக்காது.

"நான் போனேன். பயந்துகிட்டுத்தான் போனேன். பாத்தது மிஸ்ஸுதான், ஆம்பிள கெடையாது. தெர போட்டிருக்கும். ஒரு வெத்தல போட்டு முடிக்கிற நேரம். நோவில்ல, ஒரு மாதிரி கூச்சம் அவ்வளவுதான். புள்ள பெத்தவளுக்கு அது என்னா பெருசா? அப்புறம் வீட்டுக்கு வந்து ஒரு மாசம் கழிச்சு ஒண்ணுமில்லன்னு துண்டு வந்திச்சு. அன்னைக்கு ராத்திரி நல்லாத் தூங்குனேன்." பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். "நம்ம கூட நெரையில நின்னவ, இன்னைக்கு இருந்திருக்கலாம்" என்றார். பெயர் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரியும். உட்கார்ந்துவிட்டார்.

கிளினிக்குக்கு 31 பேர் வந்தார்கள். இரண்டு பேருக்கு மேல் சோதனை வேண்டும் என்று சொன்னார்கள். இருவரும் இன்றைக்கும் மலையில் கொழுந்து எடுக்கிறார்கள்.

இதில் பேச்சு எவ்வளவு, பேர் வெட்டாதது எவ்வளவு, தண்ணிக் குழாய் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எங்களால் முடியாது. எல்லாம் சேர்ந்துதான். ஆனால் ஒன்று மட்டும் நிச்சயம். வழியில் கல்லைப் போட்டு வைத்துக்கொண்டு, "நடங்கள், நடங்கள், உங்களால் முடியும்" என்று சொல்வது ஊக்கப்படுத்துவது அல்ல. கல்லை எடுக்க முடிந்தால் முதலில் எடுக்க வேண்டும். முடியாவிட்டால் கல் இருக்கிறது என்றாவது ஒத்துக்கொள்ள வேண்டும்.

இதைச் சொல்லும்போது இன்னொன்று ஞாபகம் வருகிறது. சில வருசத்துக்கு முன் ஒரு பாடசாலையில் சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு ஊக்க உரை ஆற்ற வெளியூரிலிருந்து ஒரு பேச்சாளரை அழைத்திருந்தார்கள். நல்ல குரல், நல்ல தமிழ். உலகத்தில் முடியாதது ஒன்றுமில்லை, வறுமை ஒரு தடையில்லை, கனவு காணுங்கள் என்று இரண்டு மணி நேரம் முழங்கினார். பிள்ளைகள் நன்றாகக் கைதட்டினார்கள். கடைசியில் கேள்வி கேட்கலாம் என்றபோது ஒரு பெண்பிள்ளை எழும்பி, "சேர், எங்களுக்கு ஒன்றரை வருசமாக் கணக்குக்கு டீச்சர் இல்ல. என்ன செய்யிறது?" என்றது. "முயற்சி திருவினையாக்கும்" என்று பதில் சொல்லிவிட்டு அவர் வாகனத்தில் ஏறினார். அந்தப் பிள்ளைக்கு என்ன போய்ச் சேர்ந்திருக்கும்? கணக்கில் சித்தியடையாவிட்டால் அது தன்னுடைய முயற்சிக் குறைவு என்றுதானே? இப்படிப்பட்ட பேச்சு பிரயோசனமில்லாதது மட்டுமல்ல, பாவம் என்றுகூட எங்களுக்குத் தோன்றுகிறது. இல்லாத ஆசிரியருக்கான பழியையும் தூக்கிப் பிள்ளையின் தலையில் வைக்கிறது.

அப்துல் கலாம் ஐயாவைப் பார்த்திருப்பீர்கள். 2012 ஜனவரியில் யாழ்ப்பாணத்துக்கும் வந்து மாணவர்களிடம் பேசினார். அவர் பேச்சில் அலங்காரம் கிடையாது. பிள்ளைகளைக் கேள்வி கேட்க விடுவார், தான் சொல்வதைப் பிள்ளைகளையும் கூடவே சொல்லச் சொல்வார். கேட்கிறவர் வாய் திறந்தால்தான் பேச்சு அவருடையதாகும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நல்ல முறைதான். ஆனால் பிள்ளைகளுக்குச் சரிவருவது பெரியவர்களுக்கும் சரிவரும் என்று நினைக்கக் கூடாது. நாங்கள் இதைப் பார்த்துவிட்டு, ஒரு சம்பள நாளில் ஆம்பிளைகளை எல்லாம் வலது கையைத் தூக்கி "இனிமேல் குடிக்க மாட்டோம்" என்று மூன்று தரம் சத்தியம் பண்ண வைத்தோம். கூட்டம் முடிந்தது ஐந்து மணிக்கு. ஏழு மணிக்கு அந்தக் கைகள் எங்கே இருந்தன என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை. தலைவர் ஒருவர் மட்டும் இடது கையால் பிடித்ததாக அடுத்த நாள் சொன்னார்.

சின்னதாகக் கேட்டால் நடக்கும். சேமலாப நிதி விசயத்தைப் பாருங்கள். உங்கள் சம்பளத்தில் 8 வீதம், தோட்டம் போடுவது 12 வீதம், அதற்கு மேல் நம்பிக்கை நிதி 3 வீதம் என்று பல தடவை வகுப்பு நடத்தினோம். தூங்கினார்கள். ஒருநாள் பென்சன் எடுத்த ஒரு தாத்தா வந்து, அடையாள அட்டையில் ஒரு பெயர், சேமலாபப் புத்தகத்தில் வேறு பெயர், பிறப்புப் பத்திரத்தில் இன்னொரு பெயர் என்று காசு எடுக்க முடியாமல் பிரதேச செயலகத்துக்கும் தொழில் காரியாலயத்துக்கும் அலைந்த கதையைச் சொன்னார். அன்றைக்கு நாங்கள் கேட்டது ஒன்றே ஒன்று: "இன்றைக்கு ராத்திரி வீட்டில் தகரப் பெட்டியைத் திறந்து, மூன்று கடதாசியிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை வைத்து வாசித்துப் பாருங்கள்." மறுநாள் காலையில் பீலியடியில் அதுதான் பேச்சு என்று குடும்ப நல மிஸ் வந்து சொன்னார். "எனக்கு அம்மாள்னு இருக்கு, ஒனக்கு?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்களாம். அந்தக் கிழமையே காரியாலயத்துக்கு முன்னால் வரிசை. கணக்கப்பிள்ளை எங்களைத் திட்டினார்.

இடம், நேரம் பற்றியும் சொல்ல வேண்டும், சுருக்கமாகச் சொல்கிறோம். காலைப் பெரட்டில் ஐந்து நிமிசத்துக்கு மேல் பேசாதீர்கள், பனியில் நிற்கிறார்கள். நனைந்து நிற்கிறவர்களிடம் பேசவே வேண்டாம். ஆட்கள் உட்கார்ந்த பிறகு நீங்களும் உட்கார்ந்து பேசினால் இன்னும் நல்லது. பொன்னாடை, மாலை, வரவேற்புரை, தலைமையுரை என்று முன்னால் ஒரு மணி நேரம் போனால் உங்கள் பேச்சைக் கேட்க மனசு மிச்சம் இருக்காது. "நீங்க எல்லாம் இப்பிடித்தான்" என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு தேனாகப் பேசினாலும் காதில் விழாது. திட்டு மட்டும்தான் பீலிக்கரைக்குப் போகும்.

கேள்வி கேட்கிறவரை மடக்காதீர்கள். இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லத் தயாராக இருக்கிறோம்.

2017 முதல் பாடசாலைகளில் ஆறாந் தரப் பெண்பிள்ளைகளுக்கு இந்த நோய்க்கு எதிரான தடுப்பூசி போடுகிறார்கள். அந்த அக்காவின் சின்ன மகள் ஆறாந் தரத்துக்கு வந்த வருசம், பிள்ளையின் அம்மாயி ஒரு கடதாசியைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு எங்கள் காரியாலய வாசலில் நின்றார். "ஐயா, இந்த ஊசி போட்டா அன்னைக்குப் புள்ளைக்குக் காய்ச்சல் வருமா? வந்தா எனக்கு மலைக்குப் போவ முடியாதே" என்று கேட்டார். வந்தாலும் இலேசாக ஒரு நாள்தான் இருக்கும் என்றோம். வெள்ளிக்கிழமை போடச் சொல்லி ஆசிரியையிடம் கேட்கிறோம், அப்படியும் சுகமில்லை என்றால் பிள்ளைக் காம்பரா மிஸ் பார்த்துக்கொள்வார் என்றோம். அவ்வளவுதான் பேசினோம். கடதாசியை நீட்டினார், பெருவிரல் அடையாளம் வைத்தார்.

பிளேன்டி வந்துவிட்டது என்று பின்னால் சைகை காட்டுகிறார்கள். ஆளுக்கு ஒரு துண்டுக் கடதாசி கொடுத்திருக்கிறோம். உங்கள் டிவிசனில் ஒரு விசயத்தை எடுத்து, ஆட்கள் அதைச் செய்யாமல் இருக்க அவர்கள் சொல்லும் காரணத்தை அதில் எழுதுங்கள். நீங்கள் நினைக்கும் காரணத்தை எழுத வேண்டாம். எழுத முடியாதவர்கள் பக்கத்துத் தம்பியிடம் சொல்லுங்கள். டீயைக் குடித்துவிட்டு வந்ததும் மேல் டிவிசன் அக்கா முதலில் ஐந்து நிமிசம் பேசுவார். நாங்கள் பின்வரிசையில் போய் உட்காருகிறோம்.